யார் இந்த கே.எஸ்.கிருஷ்ணன்? வத்திராயிருப்பு விஞ்ஞானிக்கும் உங்க செல்போன் சிக்னலுக்கும் என்ன சம்பந்தம்?

பிப்ரவரி 28 வந்தால் பள்ளிகளில் சர் சி.வி.ராமன் படத்துக்கு மாலை போடுகிறோம். தேசிய அறிவியல் தினம். 1928-ல் அதே நாளில்தான் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பைச் சொல்லி லண்டனில் இருந்து வெளிவரும் நேச்சர் இதழுக்குப் போன முதல் குறிப்பில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று ராமன். இன்னொன்று கே.எஸ்.கிருஷ்ணன்.

அந்த இரண்டாவது பெயருக்குச் சொந்தக்காரர் நம்ம மதுரைப் பக்கத்துக்காரர். வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். ராயல் சொசைட்டி ஃபெல்லோ, சர் பட்டம், பத்ம பூஷண் எல்லாம் வாங்கியவர். டெல்லியில் ஒரு சாலைக்கே அவர் பெயர் இருக்கிறது. இங்கே சொந்த ஊர்ப் பக்கம் கேட்டால், ராமனோட உதவியாளரா என்று திருப்பிக் கேட்பார்கள்.

கிருஷ்ணன் செல்போனைப் பார்த்ததே இல்லை. 1961-லேயே காலமாகிவிட்டார். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கத் துரத்திய கேள்வியும், உங்கள் கையில் இருக்கும் போன் நொடிக்கு நூறு தடவை தீர்க்கும் கேள்வியும் ஒரே ஜாதி. நம்மிடம் வந்து சேர்ந்ததை மட்டும் வைத்து, வந்த வழியில் என்ன நடந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செல்போன் உலகத்தில் இதன் கஷ்டமான வடிவத்துக்குப் பெயர் பிளைண்ட் சேனல் எஸ்டிமேஷன். அதையும் பார்ப்போம், அவர் கதையையும் பார்ப்போம்.

மலையடிவாரத்தில் இருந்து மதுரைக்கு

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன். இதுதான் முழுப்பெயர். 1898 டிசம்பர் 4-ம் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். இன்றைக்கு விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் ஊர். சதுரகிரி மலைக்குப் போகிறவர்களுக்கு இந்த ஊர் நல்லாத் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு பக்கம், வயல்வெளி இன்னொரு பக்கம்.

அப்பா விவசாயி. அதோடு தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர். வீட்டில் கேட்ட அந்த இலக்கியம் கிருஷ்ணனை கடைசிவரை விடவில்லை. இயற்பியலில் எவ்வளவு தூரம் போனாலும் இரண்டு மொழி இலக்கியத்தையும் விரும்பிப் படிக்கிறவராகவே இருந்தார்.

பள்ளிப்படிப்பு வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும். அதற்குப் பிறகு மதுரை. வைகைக்கு வடகரையில், கோரிப்பாளையத்தில் இருக்கும் அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரி.

படிப்பு முடிந்ததும் அதே சென்னைக் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. அதாவது ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் செய்முறை காட்டும் வேலை. ஆனால் மாணவர்களுக்குப் பிடித்துப்போனது அவருடைய மதிய உணவு இடைவேளைதான். இயற்பியல், வேதியியல், கணக்கு எதில் வேண்டுமானாலும் சந்தேகம் கேட்கலாம். சிலபஸ் கிடையாது, வருகைப்பதிவு கிடையாது. வேறு வகுப்பு மாணவர்கள்கூட வந்து உட்கார்ந்துவிடுவார்களாம்.

வேலை நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் விட்டுவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் கொல்கத்தாவுக்கு ரயில் ஏறினார். காரணம், அங்கே ராமன் இருந்தார்.

வெயிலை வைத்து ஒரு கண்டுபிடிப்பு

கொல்கத்தா பவுபஜார் தெருவில் இருந்தது இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். ராமன் திருச்சியில் பிறந்தவர், கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். இரண்டு தமிழர்கள் வங்காளத்தில் உட்கார்ந்து ஒளியைப் பற்றி ஆராய்ச்சி செய்தார்கள்.

சோதனை என்னவென்றால், ஒரு திரவத்துக்குள் ஒரே நிறத்து ஒளியைச் செலுத்துவது. அது சிதறி வெளியே வரும்போது நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. விளக்குகூட இல்லை, முதலில் சூரிய ஒளிதான். வெயிலை லென்ஸ் வைத்துக் குவித்து, வடிகட்டி வழியாக நீல ஊதா நிறத்தை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். வெளியே வருவதை இன்னொரு வடிகட்டி வழியாகக் கண்ணால் பார்த்தார்கள். நிறம் மாறவில்லை என்றால் அங்கே இருட்டுதான் தெரிய வேண்டும். ஆனால் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது.

அதுவும் எவ்வளவு மங்கல்? உள்ளே போகும் ஒளித்துகள்களில் கோடியில் ஒன்று என்ற அளவில்தான் இப்படி நிறம் மாறி வரும். இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தால்தான் பிடிபடும். இப்படிச் சுமார் 60 திரவங்களைப் பார்த்தார்கள்.

நிறம் ஏன் மாறுகிறது? ஒளி மூலக்கூறில் படும்போது, அந்த மூலக்கூறின் அதிர்வு ஒளியில் ஒரு அடையாளம் போட்டு அனுப்புகிறது. திரவத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் வெளியே வந்த ஒளியைப் படித்தால் உள்ளே எந்த மூலக்கூறு இருந்தது என்று சொல்லிவிடலாம். இன்றைக்கு மருந்து ஆலையில் தொடங்கி விமான நிலையச் சோதனை வரை இந்த முறை பயன்படுகிறது.

இந்த இடத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் விஷயத்தில் இதேதான் திரும்ப வரும்.

நோபல் பரிசும் ஒரு ரயில் டிக்கெட்டும்

1930-ல் இயற்பியல் நோபல் பரிசு ராமனுக்கு. தனியாக அவருக்கு மட்டும். கிருஷ்ணனுக்குப் பங்கு கிடையாது.

இது சரியா தவறா என்று இன்றுவரை விவாதம் ஓடுகிறது. ராமன் பக்கம் நியாயம் இருக்கிறது. பல ஆண்டுகளாக அந்த ஆராய்ச்சியை நடத்தியவர், எதைத் தேட வேண்டும் என்று தீர்மானித்தவர், ஆய்வகத்தைக் கட்டியவர் அவர்தான். கிருஷ்ணன் பக்கமும் நியாயம் இருக்கிறது. இருட்டில் உட்கார்ந்து பார்த்த கண்களில் அவருடைய கண்களும் உண்டு. முதல் குறிப்பில் பெயரும் உண்டு.

கிருஷ்ணன் என்ன செய்தார் என்பதுதான் இங்கே முக்கியம். நோபல் அறிவிப்பு வருவதற்கு முன்பே அவர் கொல்கத்தாவை விட்டுக் கிளம்பி டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராகச் சேர்ந்துவிட்டார். ராமன் விளைவு உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. அதையே தொடர்ந்து செய்திருந்தால் பெயர் நிச்சயம். ஆனால் அவர் துறையையே மாற்றினார். ஒளியை விட்டு காந்தத்துக்குப் போனார்.

டாக்காவில் அப்போது சத்யேந்திர நாத் போஸ் இருந்தார். போஸான் துகளுக்கே பெயர் கொடுத்தவர். நிழலில் இருந்து வெளியே வர இதைவிட நல்ல இடம் அமையாது.

பாச்சை உருண்டைக்குள் என்ன இருக்கு?

பீரோவில் துணிக்கு நடுவே போடும் பாச்சை உருண்டை தெரியும் இல்லையா? அது நாப்தலீன். அதைப் படிகமாக வளர்த்தால் உள்ளே கோடானுகோடி மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு மூலக்கூறும் தட்டையானது. எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது? கண்ணுக்குத் தெரியாது.

கிருஷ்ணன் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. ஒரு சின்னப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தப்புலத்தில் தொங்கவிட வேண்டும். படிகம் தனக்குப் பிடித்த திசையில் திரும்பி நிற்கும். இப்போது இழையின் மேல் நுனியை மெதுவாக முறுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டம் வரை படிகம் பிடிவாதமாக நிற்கும். பிறகு சட்டென்று புரண்டுவிடும். எவ்வளவு முறுக்கிய பிறகு புரண்டது என்ற கோணத்தை அளந்தால் போதும். படிகத்தின் காந்தத்தன்மை திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்துவிடும். அதில் இருந்து மூலக்கூறு எந்தச் சாய்வில் நிற்கிறது என்று கணக்குப் போடலாம்.

படிகத்தை உடைக்கவில்லை. உள்ளே பார்க்கவில்லை. வெளியில் நின்று அதன் நடத்தையை அளந்து உள்ளே இருப்பதைச் சொன்னார். எக்ஸ்ரே மூலம் படிகங்களை ஆராய்ந்து புகழ்பெற்ற பிரிட்டன் விஞ்ஞானி கேத்லீன் லான்ஸ்டேல் இவரோடு சேர்ந்து 1936-ல் இது பற்றிக் கட்டுரை எழுதினார்.

1933-லேயே கிருஷ்ணன் கொல்கத்தா கழகத்துக்குத் திரும்பியிருந்தார். இந்தத் தடவை மகேந்திரலால் சர்க்கார் பெயரிலான பேராசிரியராக. 1940-ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஆனார். 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1946-ல் சர் பட்டம். யாருடைய உதவியாளர் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. வேலை சொல்லிவிட்டது.

சரி, செல்போன் எங்கே வருது?

ஒரு திருவிழா நாளை நினைத்துக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாள். வைகைக் கரை முழுக்க ஒலிபெருக்கி. ஒரே அறிவிப்புதான், ஆனால் பக்கத்துக் குழாயில் இருந்து உடனே கேட்கும், தள்ளி இருக்கும் குழாயில் இருந்து கொஞ்சம் தாமதமாகக் கேட்கும், எதிர்க் கட்டடத்தில் மோதி இன்னொரு தடவை கேட்கும். எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து, என்ன சொல்கிறார்கள் என்றே புரியாது.

உங்கள் போனுக்கும் இதே நிலைமைதான். மாசி வீதியில் நின்று பேசுகிறீர்கள். டவரில் இருந்து சிக்னல் நேராகவும் வருகிறது, சுவரில் மோதியும் வருகிறது, எதிர்த்த மாடியில் பட்டும் வருகிறது. ஊருக்கு வெளியே மேலூர் ரோட்டுக்குப் போனால் கட்டடம் குறைவு, ஆனால் யானைமலை மாதிரி பெரிய பாறையில் பட்டுத் திரும்பும் எதிரொலி ரொம்பத் தாமதமாக வரும்.

எவ்வளவு தாமதம்? ரேடியோ அலை 300 மீட்டர் தூரத்தை ஒரு மைக்ரோ நொடியில் கடக்கும். அதாவது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பழைய 2ஜி ஜிஎஸ்எம் போனில் ஒரு பிட் நீடிக்கும் நேரம் சுமார் 3.7 மைக்ரோ நொடி. எதிரொலி சுமார் 1.1 கிலோமீட்டர் சுற்றி வந்தாலே ஒரு பிட் முழுக்கப் பிந்திவிடும். முதல் எழுத்தின் எதிரொலி இரண்டாவது எழுத்தின் மேல் வந்து உட்காரும்.

டவருக்கும் போனுக்கும் நடுவில் இருக்கும் இந்தக் கலவையான பாதைக்குத்தான் சேனல் என்று பெயர். சிக்னல் எந்தெந்த வழியில், எவ்வளவு தாமதத்தில், எவ்வளவு பலத்தில் வந்தது என்று கணிப்பது சேனல் எஸ்டிமேஷன். இது தெரிந்தால்தான் கலந்ததைப் பிரிக்க முடியும்.

ஒரு தடவை கணித்தால் போதாது. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். அதில் பாதி தூரம் நகர்ந்தாலே எதிரொலிகள் சேரும் விதம் மாறிப்போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ் அந்தத் தூரத்தைக் கடக்க நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். அதனால்தான் ஆரம்பத்திலேயே நொடிக்கு நூறு தடவை என்று சொன்னோம்.

பைலட் வழி, பிளைண்ட் வழி

பாதையைக் கணிக்க இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி சுலபம். டவரும் போனும் முன்கூட்டியே ஒரு வாசகத்தை ஒத்துக்கொள்வது. டவர் அதை அனுப்பும். என்ன அனுப்பினார்கள் என்று போனுக்கு ஏற்கெனவே தெரியும். வந்ததையும் அனுப்பியதையும் ஒப்பிட்டால் வழியில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். இதற்குப் பைலட் என்று பெயர்.

இதில் ஒரு செலவு இருக்கிறது. பைலட் போகும் நேரத்தில் உங்கள் பேச்சு போகாது. ஜிஎஸ்எம்-மில் ஒரு தவணையில் போகும் 148 பிட்டில் 26 பிட் இந்த ஒத்திகைக்கே போய்விடும். ஆறில் ஒரு பங்குக்கு மேல். அலைக்கற்றை என்ன விலைக்கு ஏலம் போகிறது என்று செய்திகளில் பார்க்கிறோம். அதில் இவ்வளவு ஒத்திகைக்கா என்று பொறியாளர்கள் யோசித்தார்கள்.

இரண்டாவது வழி பிளைண்ட். என்ன அனுப்பினார்கள் என்றே தெரியாது. வந்ததை மட்டும் வைத்து, அனுப்பியது என்ன, வழி என்ன, இரண்டையும் கண்டுபிடிக்க வேண்டும். கேட்டால் முடியாத காரியம் மாதிரி இருக்கும். ஒரு பெருக்கல் தொகையின் விடையை மட்டும் கொடுத்து, பெருக்கிய இரண்டு எண்களையும் கேட்கிற மாதிரி.

எப்படி முடிகிறது? கிருஷ்ணனின் படிகம் மாதிரிதான். உள்ளே இருப்பது தெரியாவிட்டாலும் அதன் குணம் தெரியும். உதாரணமாக, சில வகைச் சிக்னல்கள் அனுப்பும்போது எப்போதும் ஒரே பலத்தில் இருக்கும். வந்து சேரும்போது ஏறி இறங்கினால் அது வழி செய்த வேலை. ஆக, பலம் மறுபடி சமமாகும் வரை போன் தன் வடிகட்டியைத் திருகிக்கொண்டே போகலாம். திருகத் திருக, வழியின் குளறுபடி நீங்கும். ஜப்பானில் சாட்டோ 1975-லும், பிரான்சில் கோடார்ட் 1980-லும் இந்த மாதிரி முறைகளுக்கு வழி போட்டார்கள்.

1990-களில் இன்னொரு பெரிய அடி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாங் டாங், குவாங்ஹான் ஷு ஆகியோரோடு தாமஸ் கைலாத் செய்தது. கைலாத் புனேயில் பிறந்த மலையாளி. அவர்கள் சொன்னதைப் புரிந்துகொள்ள, நாம் மறுபடி கிருஷ்ணனிடம் போக வேண்டும். 1948-க்கு.

1948: புள்ளிகளை வைத்து ஒரு கணக்கு

படிகத்துக்குள் அணுக்கள் சீரான இடைவெளியில் புள்ளி வைத்த கோலம் மாதிரி நிற்கின்றன. அவற்றை ஆராய்கிறவர்களுக்குப் புள்ளி புள்ளியாகக் கூட்டும் தொகைகள் அடிக்கடி வரும். கிருஷ்ணன் அப்போது உலோகத்தில் எலெக்ட்ரான்கள் சிதறுவதைப் பற்றியும் வேலை செய்துகொண்டிருந்தார். அந்தக் காலகட்டத்தில் 1948-ல் நேச்சர் இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். விரிவான வடிவம் இந்தியக் கணிதக் கழக இதழில் வந்தது.

விஷயம் இதுதான். ஒரு வளைகோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்பளவு வேண்டும். பள்ளியில் சொல்லிக்கொடுத்த முறை என்ன? சம இடைவெளியில் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் உயரத்தை அளந்து, இடைவெளியால் பெருக்கிக் கூட்டுவது. விடை தோராயமாக வரும். புள்ளியை நெருக்கினால் இன்னும் கிட்டத்தில் வரும்.

கிருஷ்ணன் காட்டியது, சில வகை வளைகோடுகளுக்கு விடை தோராயம் இல்லை, துல்லியம். புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி ஒரு எல்லைக்குள் இருந்தால் போதும். முதல் புள்ளியை எங்கே வைத்தாலும் விடை மாறாது.

அவர் எடுத்த ஒரு உதாரணத்தை நீங்களே கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். சைன் எக்ஸ்-ஐ எக்ஸ்-ஆல் வகுத்து வர்க்கப்படுத்திய வளைகோடு. கோணத்தை ரேடியனில் வைக்க வேண்டும். இதன் மொத்தப் பரப்பளவு பை, அதாவது 3.1416. இப்போது இடைவெளி 3 என்று எடுங்கள். ரொம்ப அகலம், முரட்டுத்தனமான இடைவெளி. நடுப்புள்ளியில் உயரம் 1. அது மட்டுமே 3 கொடுத்துவிடும். இரண்டு பக்கமும் இருக்கும் மற்ற புள்ளிகளைக் கூட்டக் கூட்ட, மிச்சம் 0.1416 வந்து சேரும். மொத்தம் சரியாகப் பை. இடைவெளியை 1 ஆக்கினாலும் அதே பை. ஆனால் இடைவெளி பை அளவைத் தாண்டினால் கணக்கு உடைந்துவிடும்.

ஏன் அந்த எல்லை? வளைகோடு எவ்வளவு வேகமாக நெளிகிறதோ, அதற்குத் தகுந்த நெருக்கத்தில் புள்ளி வைத்தால் எதுவும் தவறிப்போகாது. அதைவிடத் தூரமாக வைத்தால் நெளிவுகள் புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும்.

இதே கருத்து இன்னொரு திசையில் இருந்தும் வந்துகொண்டிருந்தது. 1928-ல், ராமன் விளைவு வந்த அதே ஆண்டில், அமெரிக்காவில் நைக்விஸ்ட் தந்தி சிக்னல் பற்றி இப்படியான ஒரு எல்லையைச் சொன்னார். கிருஷ்ணனின் குறிப்பு வந்த அதே 1948-ல் கிளாட் ஷானன் தகவல் தொடர்புக்கு அடித்தளம் போட்ட கட்டுரையை வெளியிட்டார். உங்கள் குரலைப் புள்ளி புள்ளியாக வெட்டி எண்களாக்கி அனுப்பினாலும் அந்தப் பக்கம் அதே குரலாகக் கேட்பதற்குக் காரணம் இந்த மாதிரித் தேற்றம்தான். அவர்கள் தந்தியில் இருந்து வந்தார்கள், கிருஷ்ணன் படிகத்தில் இருந்து வந்தார்.

புள்ளியை இரட்டித்தால் வழி தெரியும்

இப்போது கைலாத் குழுவுக்கு வருவோம்.

போன் ஒரு எழுத்துக்கு ஒரு புள்ளி வீதம் அளந்து, சாதாரணச் சராசரிக் கணக்குப் போட்டால் ஒரு விஷயம் தெரியாமலே போய்விடும். பலமான சிக்னல் முதலில் வந்து பலவீனமான எதிரொலி பின்னால் வந்ததா? இல்லை பலவீனமானது முதலில் வந்து பலமானது பின்னால் வந்ததா? இரண்டுக்கும் சராசரி ஒன்றாகவே இருக்கும். பிரித்துப் பார்க்க வழி இல்லை.

அவர்கள் சொன்னது, எழுத்துக்கு ஒன்றுக்கு மேல் புள்ளி எடுங்கள். உதாரணமாக இரண்டு. அப்போது ஒரே அறிவிப்பை இரண்டு பேர் இரண்டு இடத்தில் நின்று கேட்ட மாதிரி ஆகிவிடும். வைகைக் கரையில் நீங்கள் ஒரு இடத்தில், உங்கள் தம்பி இன்னொரு இடத்தில். அறிவிப்பு என்னவென்று இருவருக்குமே தெரியாது. ஆனால் இருவரும் கேட்டதை ஒப்பிட்டால், அறிவிப்பு பொது, வித்தியாசம் எல்லாம் வழியால் வந்தது. அந்த வித்தியாசத்தில் இருந்து வழியைப் பிடித்துவிடலாம். பைலட் இல்லாமலே.

கிருஷ்ணனின் கணக்கும் கைலாத் குழுவின் கணக்கும் ஒரே தேற்றம் இல்லை. ஒன்றில் இருந்து இன்னொன்று பிறந்ததாகவும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டின் ஆணிவேரும் ஒரே கேள்வி. எவ்வளவு நெருக்கமாகப் புள்ளி வைத்தால் முழு உண்மையும் கைக்கு வரும்?

பிளைண்ட் முறைக்கும் எல்லை உண்டு. வந்த சிக்னல் பாதி பலத்தில் இருந்தால், அனுப்பியவர் பலவீனமாக அனுப்பினாரா, வழியில் குறைந்ததா? வந்ததை மட்டும் வைத்து இதைச் சொல்லவே முடியாது. நிறைய அளவெடுக்கவும் வேண்டும், வேகமாக ஓடும் பஸ்ஸில் அதற்குள் வழி மாறிவிடும். அதனால்தான் நாம் பயன்படுத்தும் 4ஜி, 5ஜி-யில் இன்னும் பைலட்தான் பிரதானம். கொஞ்சம் பைலட், மிச்சம் பிளைண்ட் என்று இரண்டையும் கலக்கும் செமி பிளைண்ட் முறைகளில் ஆராய்ச்சி தொடர்கிறது.

டெல்லியில் இருந்து ஒரு டிக் டிக்

கிருஷ்ணன் கதைக்குத் திரும்புவோம். நாடு விடுதலை பெற்ற 1947-ல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் உருவானது. அடிக்கல் நாட்டியவர் நேரு. முதல் இயக்குநர் கிருஷ்ணன். 1950 ஜனவரியில் சர்தார் படேல் ஆய்வகத்தைத் திறந்துவைத்தார்.

நாட்டுக்கே மீட்டர் எவ்வளவு, கிலோ எவ்வளவு, ஒரு நொடி எவ்வளவு என்று தீர்மானிக்கும் இடம் அது. தனி ஆளாக அறையில் உட்கார்ந்து இழையை முறுக்கியவர், இப்போது ஒரு தேசத்தின் அளவுகோலுக்குப் பொறுப்பு. ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு இது லாபமா நஷ்டமா என்றால் இரண்டும்தான். ஃபைல், கூட்டம், கட்டடம் என்று நேரம் போகும். அதற்கு நடுவிலும் சூடான உலோகத்தில் இருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறுவது பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டுதான் இருந்தார்.

அவர் காலத்தில்தான் 1950-களில் அந்த ஆய்வகத்தில் ரேடியோ அலைகள் வளிமண்டலத்தில் எப்படிப் பயணிக்கின்றன என்ற ஆராய்ச்சி ஏ.பி.மித்ரா மூலம் வேர்விட்டது. அதுவும் சேனல் விவகாரம்தான். டவருக்குப் பதில் மேலே அயனி மண்டலம், அவ்வளவுதான்.

1959-ல் ஆய்வகம் ஏடிஏ என்ற அழைப்புப் பெயரில் ரேடியோ வழியாக நேர சிக்னல் ஒலிபரப்பத் தொடங்கியது. சரியான அலைவரிசை, சரியான நொடி. நாட்டில் எங்கிருந்தும் ரேடியோவில் பிடித்துத் தங்கள் கருவியைச் சரிபார்த்துக்கொள்ளலாம். யோசித்துப் பாருங்கள். என்ன அனுப்பப்படுகிறது என்று கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த சிக்னல். இது ஒரு வகையில் தேசத்துக்கே ஒரு பைலட். இன்றைக்கும் இந்திய நேரத்தைப் பராமரிப்பது இந்த ஆய்வகம்தான்.

1954-ல் பத்ம பூஷண். 1958-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்ற முதல் விஞ்ஞானி இவர்தான். அணுசக்தி ஆணையத்திலும் உறுப்பினர். நேருவுக்கு நெருங்கிய நண்பர். பேச உட்கார்ந்தால் கதை சொல்வதில் கெட்டிக்காரர் என்று பழகியவர்கள் நினைவுகூர்வார்கள்.

1961 ஜூன் மாதம் டெல்லியில் காலமானார். வயது 62.

இன்று அவர் எங்கே இருக்கிறார்?

டெல்லி பூசா பகுதியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் இருக்கும் சாலையின் பெயர் டாக்டர் கே.எஸ்.கிருஷ்ணன் மார்க். அந்த ஆய்வகத்துக்கு யார் கடிதம் அனுப்பினாலும் உறையில் ஒரு வத்திராயிருப்புக்காரர் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும்.

நம்ம பக்கத்தில்? அவர் படித்த அமெரிக்கன் கல்லூரி இன்னும் அதே கோரிப்பாளையத்தில் இருக்கிறது. மதுரை, விருதுநகர் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர்கள் நைக்விஸ்ட், ஷானன் பெயர்களைப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். அதே 1948-ல் அதே எல்லையைத் தொட்ட ஆளு பக்கத்து ஊர்க்காரர் என்பது பாடப்புத்தகத்தில் இல்லை.

நோபல் யாருக்கு என்பதை இனி மாற்ற முடியாது. மாற்றவும் வேண்டாம். ஆனால் கிருஷ்ணனை ராமனின் உதவியாளர் என்று மட்டும் சொன்னால் அவருடைய முப்பது வருட உழைப்பு விடுபட்டுப்போகும். சிதறிய ஒளியில் இருந்து மூலக்கூறு, முறுக்கிய இழையில் இருந்து படிகம், ஒருசில புள்ளிகளில் இருந்து முழு வளைகோடு. வந்து சேர்ந்ததை ஒழுங்காகப் படித்தால் வராததையும் தெரிந்துகொள்ளலாம் என்பதை மூன்று வேறு துறைகளில் செய்து காட்டியவர் அவர்.

அடுத்த பிப்ரவரி 28-ம் தேதி உங்கள் பிள்ளையின் பள்ளியில் அறிவியல் தினம் கொண்டாடினால், ராமன் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படமும் வைக்கச் சொல்லுங்கள். முதல் குறிப்பில் இரண்டு பெயர்தானே இருந்தது.